பத்து இலட்சமாவது விருந்தாளி



கடந்த மூன்று திங்களாக இப்பக்கத்தில் என் எழுத்தைக் காணாத அன்பர்கள் சிலர், எனக்கு உடல்நலம் குன்றிற்றோ எனக் கவலையுற்று ஆசிரியருக்கு மடல் எழுதியிருந்தனர். அவர்களுக்கு என் நன்றி. நலமாகவே இருக்கிறேன். ஜெர்மனி நாட்டின் கொலோன் நகரில் செவிலியராகப் பணிபுரியும் என் மகள், தன் இரண்டாவது குழந்தை பிறந்த வேளையில் எங்களை அழைத்திருந்தாள். நானும் என் துணைவியாரும் தொண்ணூறு நாள் விசாவுடன் அங்குச் சென்று, பேரக் குழந்தையைத் தாலாட்டிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறோம்.

திரும்பிய நாள் முதலாக எதிர்ப்படுவோர் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "அங்கே என்னென்ன பார்த்தீர்கள்?" பார்த்தவை பல உண்டு. 1248-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று, இடையில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வேலை நின்று கிடந்து, 1880-ஆம் ஆண்டில் நிறைவெய்திய கொலோன் பேராலயத்தின் 157 மீட்டர் உயரக் கோபுரங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். ரைன் நதியில் சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் கரையில் அமர்ந்து கண்டேன். தடுப்போ காவலோ இல்லாத டிராம் வண்டியில், எவரும் பாராதபோதும் சீட்டெடுத்து ஏறும் மக்களைக் கண்டு வியந்தேன். ஆயினும் இவற்றையெல்லாம் நீங்கள் வேறு நூல்களில் படித்துக்கொள்ளலாம். உங்கள் பிள்ளைகளின் கைப்பேசியில் படமாகவே பார்த்தும் விடலாம்.

ஆகவே கண்டதை விடுத்துக் கற்றதை எழுதுகிறேன். கற்றதும் பெரிதன்று. பள்ளியில் சேரும் குழந்தைக்கு முதல் நாளில் சொல்லிக் கொடுப்பதையே நான் 68-ஆம் வயதில் கடல் கடந்துபோய்க் கற்று வந்தேன். ஒரு மனிதரைச் சந்தித்தால் முதலில் அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்பதே அது. இதற்காகவா இத்தனை தொலைவு போனீர் என்று நகைக்காதீர்கள். புறப்படுவதற்கு முன் எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைப் பிற்பகுதியில் சொல்லப்போகிறேன். அதைக் கேட்டபின் நகைப்பதா, வருந்துவதா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

தந்தையின் பெயர் தாங்கி

விமான நிலையத்திலேயே பாடம் தொடங்கிவிட்டது. நம்மவரிடையே குடும்பப் பெயர் என்னும் வழக்கம் இல்லை; தந்தையின் பெயரிலிருந்து முதலெழுத்தை மட்டும் எடுத்து நம் பெயருக்கு முன்னே இட்டுக்கொள்கிறோம். கடவுச்சீட்டிலோ அவ்வெழுத்து விரிந்து, குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் தந்தையின் முழுப் பெயராக அமர்ந்துவிடுகிறது. ஜெர்மானியர் மரியாதையாக விளிக்கும்போது குடும்பப் பெயரைத்தான் சொல்வர். எனவே குடியேற்ற அதிகாரி என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, 'திருவாளர்' எனப் பொருள்படும் சொல்லை முன்னிட்டு, என் தந்தையின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார். மதுரைக்குத் தெற்கே ஒரு நாளும் போயிராதவர், திண்டுக்கல்லில் ஒரு தோல் கிடங்கில் கணக்கு எழுதியே வாழ்நாளைக் கழித்தவர் என் தந்தை. அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், அயல்நாட்டு வாயிலில் அவர் பெயர் மரியாதையுடன் ஒலித்தது. என் கண்கள் கலங்கின. நான் எதற்கோ அஞ்சுகிறேன் என்று அதிகாரி எண்ணியிருக்கக்கூடும். புன்னகையுடன் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தார்.

மகளின் குடியிருப்பை அடைந்தபோது இன்னொரு வியப்பு. மூன்று மாடிகளில் எட்டுக் குடும்பங்கள் வாழும் கட்டடம் அது. உள்ளே வீடுகளுக்கு எண் இல்லை. வாயிலில் எட்டு அழைப்பு மணிகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பெயர். தபால் பெட்டிகளிலும் பெயர்களே. "இந்த ஊரில் வீடு கிடைத்ததும் முதல் வேலை, மணிக்குப் பக்கத்தில் பெயரை ஒட்டுவதுதான் அப்பா. பெயர் இல்லாத பெட்டியில் கடிதம் விழாது" என்றாள் மகள். இது துருக்கியக் குடும்பம், இது போலந்துக்காரர், இது இத்தாலியர் என ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் காட்டி வந்தவள் ஆறாவது பெயரில் நிறுத்தினாள். அது என் பெயர்! அவளுடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது தந்தையாகிய என் பெயர்தானே? நான் காலடி வைக்கும் முன்னரே என் பெயர் அந்தச் சுவரில் எனக்காகக் காத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமையின் ஓசை

அங்குச் சென்ற இரண்டாம் ஞாயிறு. மகளும் மருமகனும் இரவெல்லாம் குழந்தையுடன் விழித்திருந்து அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தனர். சும்மா இருக்கத் தெரியாத நான், அடுக்களையில் சேர்ந்திருந்த வெற்றுக் கண்ணாடிக் குப்பிகளைப் பையில் இட்டு, எதிர்ப்புறம் இருந்த பொதுத் தொட்டிக்குக் கொண்டு சென்றேன். வெள்ளைக் கண்ணாடிக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று என மூன்று தொட்டிகள். நிறம் பார்த்துப் போடத் தெரிந்துவிட்ட பெருமிதத்தில் ஒவ்வொன்றாகப் போட்டேன். குப்பிகள் விழுந்து உடையும் ஓசை தெருவெங்கும் எதிரொலித்தது. நான்காவதை எடுக்கும்போது எங்கள் கட்டடத்தின் முதல் மாடிச் சன்னல் திறந்தது. நரைத்த கூந்தலுடைய மூதாட்டி ஒருவர் கையை ஆட்டி உரத்த குரலில் ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் கடிந்துகொள்கிறார் என்பதை அறிய மொழியறிவு வேண்டுமா?

செய்த பிழை இன்னதென்று மகள் எழுந்தபின் விளக்கினாள். அந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வைச் சட்டமே காக்கிறது. பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சுவரில் துளையிடுதல், புல்வெட்டும் பொறியை ஓட்டுதல், கண்ணாடிக் குப்பிகளைத் தொட்டியில் போடுதல் போன்ற ஓசைமிக்க வேலைகள் அன்று கூடா. போடத்தக்க நேரமும் தொட்டியின்மீதே எழுதப்பட்டிருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் பிறருக்கு எழுத்தறிவித்த தமிழாசிரியனாகிய நான், அன்று எழுத்தறியாதவனாக அதன்முன் நின்றிருந்தேன். "மன்னியுங்கள், எனக்குத் தெரியாது" என்னும் மூன்று சொற்களைச் சொல்ல மொழியில்லாமல், பையை மார்போடு அணைத்தபடி தலைகவிழ்ந்து நடந்த அந்த ஐம்பது அடித் தொலைவை நான் என்றும் மறவேன். அவ்வேளையில் நான் எவருக்கும் ஆசிரியனல்லன், எவருக்கும் தாத்தாவும் அல்லன். தெருவில் நிற்கும் அயலான் ஒருவன், அவ்வளவே.

மறுநாள் மாலை அழைப்பு மணி ஒலித்தது. கதவைத் திறந்தால் அதே மூதாட்டி! கையில் ஒரு தட்டு. அதில் ஆப்பிள் பழம் வைத்துச் சுட்ட கேக். அவர் பேச, மகள் மொழிபெயர்த்தாள். "விதி விதிதான். ஆனால் நீங்கள் புதியவர் என்று அறியாமல் நேற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன்" என்றார். விதியையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, என்னையும் விட்டுவிடவில்லை. அடுத்ததாக அவர் கேட்டது: "உங்கள் பெயர் என்ன?"

சொன்னேன். அவர் நாவில் அது புரளவில்லை. மகளைத் தம் எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தரச்செய்து, அசை அசையாகப் பிரித்து நான்கு முறை சொல்லிப் பார்த்தார். அதன்பின் படிக்கட்டில் எதிர்ப்படும் போதெல்லாம் நின்று, ஒரு கணம் நினைவுகூர்ந்து, என் பெயரைச் சொல்லியே வணக்கம் கூறினார். கடைசி நாள் வரையில் அவர் அதைச் சரியாகச் சொன்னதில்லை. ஆயினும், சரியாகச் சொல்ல நாள்தோறும் முயன்ற அந்தப் பிழையான உச்சரிப்பு எனக்கு இனித்தது.

டொய்ட்ஸ் நிலையத்தில்

இம்மூதாட்டியின் பண்பைச் சொல்லி, அங்குள்ளோர் அனைவரும் நல்லவர், நாம் அனைவரும் தீயவர் என முடிப்பது என் நோக்கமன்று. வெளிநாடு சென்று திரும்புவோர் சிலர் அவ்வாறு பேசி நம்மைச் சலிப்படையச் செய்வதுண்டு. அந்நாடும் இப்பாடத்தை எளிதாகக் கற்கவில்லை. அதை எனக்கு உணர்த்தியவர் என் மருமகன்.

ஒரு நாள் அவர் என்னை ரைன் நதிப் பாலத்தின் வழியே நடத்தி அழைத்துச் சென்றார். இக்கரையில் பேராலயம், அக்கரையில் டொய்ட்ஸ் என்னும் இரயில் நிலையம். அங்கே நின்று, தம் கைப்பேசியில் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினார். தொப்பியணிந்த மெலிந்த மனிதர் ஒருவர் புத்தம்புது மொபெட்டின்மீது அமர்ந்திருக்கிறார். சுற்றிலும் ஆட்கள், மலர்கள். அவர் முகத்தில் மட்டும் மகிழ்ச்சியைவிடத் திகைப்பே மிகுதியாகத் தெரிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் தொழிற்சாலைகள் விரைந்து வளர்ந்தன. உள்நாட்டுக் கைகள் போதவில்லை. 1955-இல் இத்தாலி, 1960-இல் ஸ்பெயினும் கிரீசும், 1961-இல் துருக்கி, 1964-இல் போர்த்துக்கல் என நாடு நாடாக உடன்படிக்கை செய்து தொழிலாளரை வரவழைத்தனர். அவர்களுக்கு இட்ட பெயர் 'விருந்தாளித் தொழிலாளி'. இனிய பெயர்தான். ஆனால் விருந்தாளி என்றாலே ஒரு நாள் புறப்பட்டுப் போக வேண்டியவர் என்னும் குறிப்பும் அதில் ஒளிந்திருந்தது.

1964 செப்டம்பர் 10 அன்று ஸ்பெயின், போர்த்துக்கல் தொழிலாளரை ஏற்றிய இரயில் டொய்ட்ஸ் நிலையத்துக்கு வந்தது. அவ்வாறு வந்தோரின் தொகை பத்து இலட்சத்தை எட்டியதைக் கொண்டாட அன்று ஏற்பாடாகியிருந்தது. பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தனர். அர்மாண்டோ ரொட்ரீகஸ் டி சா, போர்த்துக்கலில் ஒரு சிற்றூரைச் சேர்ந்த தச்சர், 38 வயது. ஒலிபெருக்கியில் தம் பெயர் ஒலிக்கக் கேட்டு அவர் நடுங்கிப்போனாராம். ஆவணத்தில் ஏதோ பிழை கண்டு தம்மை ஊருக்கே திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று எண்ணிவிட்டார். தயங்கித் தயங்கி முன்னே வந்தவருக்கு மலர்களும் சான்றிதழும் ஒரு மொபெட்டும் பரிசாக அளித்தனர். படம் பிடித்தனர். நாடெங்கும் அப்படம் பரவியது.

கதை அப்படத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அவர் சில ஆண்டுகள் பல ஊர்களில் உழைத்துக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பினார். பின்னர், ஊருக்குச் சென்றிருந்தபோது வயிற்றில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவர் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. உழைத்துச் சேர்த்த பணமெல்லாம் மருத்துவத்தில் கரைந்தது. ஜெர்மனியில் அவர் பெற்றிருந்த காப்பீட்டின்படி நோய்க்கால உதவி கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. அது அவருக்குத் தெரியாது. எடுத்துச் சொல்வாரும் இல்லை. 1979-ஆம் ஆண்டு தம் ஊரில் 53-ஆம் வயதில் காலமானார். அந்த மொபெட் இன்று பான் நகரிலுள்ள வரலாற்று அருங்காட்சியகத்துக்கு உரியதாக இருக்கிறது.

இதைக் கேட்டு நான் வெகுநேரம் பேசாமல் நின்றேன். பரிசு கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, அவருடைய உரிமை இன்னதென்று சொல்லத் தோன்றவில்லையே! அவர்கள் கொண்டாடியது அந்தத் தச்சரையா, பத்து இலட்சம் என்னும் எண்ணையா?

1955 முதல், ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்ட 1973 வரையில் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் அங்கு வேலைக்கு வந்தனர்; அவர்களில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர் திரும்பிச் சென்றனர். எஞ்சியோர் அங்கேயே வேரூன்றினர். ஆயினும், அவர்கள் பிள்ளைகள் அம்மண்ணில் பிறந்தாலே குடியுரிமை பெறலாம் என்னும் சட்டம், அதுவும் சில கட்டுப்பாடுகளுடன், 2000-ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. புதியவர்களுக்கு மொழியும் நாட்டு நடைமுறையும் கற்பிக்கும் வகுப்புகளை அரசே ஒழுங்குபடுத்தி நடத்தத் தொடங்கியது 2005-இல். இத்தாலியுடன் உடன்படிக்கை செய்து அப்போது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் அண்டை மாநிலத்துக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு. 1960-களிலிருந்து கேரளத்தின் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் திருச்சபையின் வழியாக, ஜெர்மானிய மருத்துவமனைகளுக்குச் செவிலியராகச் சென்றனர். 1970-களின் பிற்பகுதியில், இனித் தேவையில்லை எனச் சில மாநிலங்கள் அவர்களுள் பலரது அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தன. இன்று அதே நாடு செவிலியர் வேண்டுமென நம்மிடம் கேட்கிறது. என் மகள் இன்று அங்கே நிமிர்ந்து நடக்கிறாள் என்றால், அவளுக்கு முன் சென்று துன்புற்ற அப்பெண்கள் செப்பனிட்ட வழி அது.

குனிந்து படிக்கும் எழுத்து

பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து நடக்கும்போது, நடைபாதைக் கற்களுக்கிடையே ஆங்காங்கே சில பித்தளைத் தகடுகள் மின்னுவதைக் கண்டேன். ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் சதுரம். குனிந்தால்தான் எழுத்துத் தெரியும். "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, ஒரு பெயர், பிறந்த ஆண்டு, கொண்டு செல்லப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். நாசி ஆட்சியில் வீட்டைவிட்டு இழுத்துச் செல்லப்பட்ட யூதர் முதலானோரின் நினைவாக, அவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலிலேயே பதிக்கப்படும் கற்கள் இவை. குன்டர் டெம்னிக் என்னும் கலைஞர் 1992-இல் கொலோன் நகர மன்றத்தின் முன் முதல் கல்லைப் பதித்தார். 2023-இல் ஐரோப்பா முழுவதிலும் அவற்றின் தொகை ஓர் இலட்சத்தை எட்டியது.

அம்மக்களைக் கொல்வதற்கு முன் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவற்றுள் பெயரும் ஒன்று. அவுஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் உடலில் எண்ணைப் பச்சை குத்தினர். பெயரை எடுத்துவிட்டு எண்ணை வைப்பது எத்தனை எளிது! அந்த எண்ணை மீண்டும் பெயராக மாற்ற, அரை நூற்றாண்டு கழித்து ஒருவர் தெருத் தெருவாக மண்டியிட்டுக் கல் பதிக்க வேண்டியிருக்கிறது.

இது அயலார் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தமிழ் மக்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றபோது, தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகர வில்லையை அவர்கள் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். ஊரில் பெயரும் உறவும் உடையவராய் இருந்தவர், வில்லை ஏறியதும் எண்ணாக மாறினார். இதனைப் பாடமாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததுண்டு. சொல்லும்போது சினந்ததும் உண்டு. அந்தச் சினம் என் வீட்டு வாசல்வரை வரவில்லை என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

என் கணக்கு நோட்டு

நாங்கள் புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டின்மேல் ஒரு மாடி கட்டத் தொடங்கினோம். மேஸ்திரி, வடநாட்டு இளைஞர் நால்வரை வேலைக்கு அழைத்து வந்தார். பீகார் என்றார். காலை எட்டு மணிக்கெல்லாம் வந்து பொழுது சாயும்வரை உழைப்பார்கள். என் துணைவியார் இருவேளை தேநீர் கொடுப்பார். சில நாட்களில் குழம்பும் பொரியலும் கொடுப்பார். நாங்கள் அவர்களை நன்றாகவே நடத்துவதாக எண்ணிக்கொண்டிருந்தோம். நாள்தோறும் என் கணக்கு நோட்டில் நான் எழுதியது: "கொத்தனார் 2, சித்தாள் 1, இந்திக்காரர் 4." "ஏ, தம்பி!" என்று கூப்பிட்டால் நால்வரில் யாரேனும் ஒருவர் திரும்புவார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு பிற்பகல் சாரக் கட்டு சரிந்து அவர்களில் ஒருவர் கீழே விழுந்தார். தலையில் அடி, மணிக்கட்டு முறிந்திருந்தது. மேஸ்திரி அருகில் இல்லை. நானே ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன். சீட்டு எழுதுமிடத்தில், "நோயாளி பெயர்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. அவரோ வலியில் கண்மூடிக் கிடந்தார். "உங்கள் வீட்டில்தானே வேலை செய்கிறார்?" என்றார் எழுதுபவர். "ஆம்" என்றேன். "எத்தனை நாளாக?" "இரண்டு மாதமாக." அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பெயர் தெரியாதவர், ஆண், வயது சுமார் 20" என்று எழுதினார்.

மாலையில் மேஸ்திரி வந்து அச்சீட்டைத் திருத்தச் செய்தார். என்ன பெயர் சொல்லித் திருத்தினார் என்பதை அப்போதும் நான் கேட்கவில்லை. மருத்துவச் செலவை மேஸ்திரி ஏற்றார். நான் இரண்டாயிரம் ரூபாயும் ஒரு புதுச் சட்டையும் கொடுத்து அனுப்பினேன். கடமை முடிந்ததென நிறைவும் கொண்டேன். டொய்ட்ஸ் நிலையத்தில் அந்த மொபெட்டைப் படத்தில் பார்த்தபோது என் நெஞ்சில் குத்தியது இதுதான். அந்த இரண்டாயிரம் ரூபாயும் சட்டையும் நான் கொடுத்த மொபெட்! வேலையின்போது காயமுற்ற தொழிலாளிக்கு இழப்பீடு பெறும் உரிமை இந்நாட்டுச் சட்டத்தில் 1923 முதல் உண்டு. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்க்கென நல வாரியமும் உண்டு. வேற்று மாநிலத்தவரும் அதில் பதிவு செய்துகொள்ளலாம். இவற்றை அறிந்துகொள்ள எனக்குப் படிப்பும் இருந்தது, நேரமும் இருந்தது. அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. தமிழ் தெரியாமல் என் வாசலில் நின்ற அந்த இளைஞர், ஜெர்மன் தெரியாமல் தொட்டியருகே நின்ற நானேதான் என்பது அதுவரை எனக்கு எட்டவில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மேஸ்திரியைத் தேடிச் சென்றேன். கை முன்போல் சுமை தூக்க உதவாததால் அந்த இளைஞர் திருப்பூர் சென்று, ஒரு பனியன் கம்பெனியில் துணி மடிக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறார் என்று சொல்லி, கைப்பேசி எண்ணைத் தந்தார். அழைத்தேன். தமிழ் தெரிந்த அவருடைய நண்பர் ஒருவர் இடையிலிருந்து மொழிபெயர்த்தார். நான் இன்னார் என்று சொல்லி, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டேன். மறுமுனையில் அமைதி. சற்றுப் பொறுத்து, "எதற்கு சார் கேட்கிறீர்கள்? ஏதாவது போலீஸ் விசாரணையா?" என்று பதில் கேள்வி வந்தது.

பாருங்கள், ஒலிபெருக்கியில் பெயர் கேட்டு நடுங்கிய அந்தத் தச்சரின் அச்சமே இது! 2023 மார்ச் திங்களில், வடநாட்டுத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி, பலர் அஞ்சி ஊர் திரும்பியதை நாம் மறந்திருக்கலாம், அவர்கள் மறக்கவில்லை. பெயர் கேட்கப்படும் வேளை எல்லாம் துன்பம் வரும் வேளை என்றே அவர்கள் பழகியிருக்கிறார்கள். அன்பினால் கேட்டவர் எவரும் இல்லையென்றால் வேறு எப்படி எண்ணுவார்கள்?

"ஒன்றுமில்லை, தம்பி. இரண்டு மாதம் என் வீட்டில் வேலை செய்தீர்கள். நான் கேட்காமல் விட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டும்" என்றேன். நண்பர் மொழிபெயர்த்ததும் அவர் சிரிக்கும் ஒலி கேட்டது. பிறகு தம் பெயரைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன், தவறு என்றார். மீண்டும் சொன்னேன், பாதி சரி என்றார். மூன்றாம் முறை "ஹாம், ஹாம்" என்று ஏற்றுக்கொண்டார். இழப்பீட்டைப் பற்றிச் சொன்னபோது, அப்படியொன்று உண்டா என வியந்தார். அவருக்காக விண்ணப்பம் எழுதும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். வேலை செய்வித்தவன் என்ற முறையில் என்மீதும் பொறுப்பு விழுந்தால் அதற்கும் ஒப்பியிருக்கிறேன். மேஸ்திரிக்கு என்மீது சற்று மனத்தாங்கல்தான். விண்ணப்பம் என்னவாகும் என்பதை இன்று சொல்வதற்கில்லை.

அன்புள்ள குடும்பத்தினரே, இவ்விதழைப் படிக்கும் இல்லங்களில் பலவற்றிலிருந்து ஒரு மகனோ மகளோ வளைகுடா நாட்டிலோ, சிங்கப்பூரிலோ, ஐரோப்பாவிலோ உழைத்துக்கொண்டிருக்கக்கூடும். இரவில் நீங்கள் அவர்களை நினைக்கும்போது, அங்கே யாரேனும் ஒருவர் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமென்றுதானே விரும்புவீர்கள்? பீகாரிலும் ஒடிசாவிலும் ஒரு தாய் அவ்வாறே விரும்பியிருக்கிறாள். அவள் மகன் உங்கள் தெரு உணவுக்கடையில் மேசை துடைத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து குழைத்துக்கொண்டிருக்கலாம். இத்திங்கள் அவரிடம் பெயரைக் கேளுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர் தயங்கினால் சினம் கொள்ளாதீர்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிறகு, அவர் அறியாத உரிமை ஏதேனும் நீங்கள் அறிந்ததாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். பெயரைக் கேட்டவருக்கு அதற்குமேல் வாளாவிருக்க மனம் வராது.

அந்த இளைஞரின் பெயரை ஏன் இங்கு எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பத்திரிகையில் வேண்டாம் என்றார். அவர் பெயர் அவருடையது. ஆனால் என் கணக்கு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, "இந்திக்காரர் 4" என்றிருந்த அத்தனை பக்கங்களிலும் அதை அடித்துவிட்டு நான்கு பெயர்களை எழுதியிருக்கிறேன். மற்ற மூவரின் பெயர்களையும் அவரே சொன்னார்.